பிட்டர்: மலைக்கு வேலைக்கு வந்தவர்களுக்கு ஒரே ஒரு சொல்லுக்கான வழிகாட்டி

குன்னூரில் ஒரு சிறிய தங்கும் விடுதியின் வரவேற்பு மேசையில் நான் வேலைக்குச் சேர்ந்தது ஒரு ஜனவரி மாதம். சேர்ந்த நான்காவது நாளோ ஐந்தாவது நாளோ, காலை ஏழு மணிக்கு ஒரு வெள்ளைக்காரப் பெரியவர் உள்ளங்கைகளைத் தேய்த்தபடி படியிறங்கி வந்து, "இட் வாஸ் பிட்டர் லாஸ்ட் நைட்" என்றார். என் காதில் "பெட்டர்" என்று விழுந்தது. முந்தின நாள் அவர் அறைக் குழாயில் வெந்நீர் வராமல், ஆள் வைத்துச் சரிசெய்திருந்தோம். அதைத்தான் பாராட்டுகிறார் என்று நினைத்து, வாயெல்லாம் பல்லாக "தேங்க் யூ சார்" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அப்புறம் நிறுத்தி நிதானமாக, ராத்திரி குளிரில் தூக்கமே இல்லை, இன்னும் இரண்டு கம்பளி வேண்டும் என்று கேட்டார்.

காதில் சரியாக விழுந்திருந்தாலும் நான் தப்பித்திருக்க மாட்டேன். பிட்டர் என்றால் கசப்பு என்று மட்டும்தான் பள்ளிக்கூடத்தில் படித்திருந்தேன். "ராத்திரி சாப்பாடு கசந்ததாம்" என்று சமையல்கார அண்ணனிடம் போய் நின்றிருப்பேன். அவர் கரண்டியைத் தூக்கியிருப்பார்.

ஏப்ரல், மே சீசனுக்கு முன்னால் ஊட்டி, குன்னூர், கோத்தகிரிக்கு வேலைக்கு வரும் பையன்களுக்கும் பெண்களுக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன். விடுதி, டீ ஃபேக்டரியைச் சுற்றிக் காட்டும் வேலை, சாக்லேட் கடை, டாக்ஸி, எதுவாக இருந்தாலும் சரி. எத்தனையோ ஆங்கிலச் சொல் இருக்க இந்த ஒன்றுக்கு ஏன் ஒரு கட்டுரை என்றால், இந்த மலையில் வெளியூர்க்காரர்கள் குறைப்படும் இரண்டு பெரிய விஷயங்கள் குளிரும் டீயும்தான். இரண்டையும் இதே ஒரு சொல்லால் சொல்லிவிட்டுப் போவார்கள்.

முதல் படி: வாயில் சரியாக வரட்டும்

தமிழில் எழுதும்போது முதல் எழுத்து ப. ஆனால் "பல்" என்பதில் வரும் ப இல்லை; "கம்பளி"யில் வரும் ப. உதட்டை அழுத்தி, குரல் கொடுத்துத் தொடங்க வேண்டும். அடுத்தது குறில். அதை நீட்டினால் பீட்டர் ஆகிவிடும். பீட்டர் விடுவதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும்.

பிரிட்டன்காரர் வாயில் கடைசி "ர்" கேட்காது. "பிட்ட" என்று சொல்லி அப்படியே விட்டுவிடுவார். அமெரிக்கர் சொல்லும்போது நடுவில் உள்ள "ட்ட" மெலிந்து, நம் "வீடு"வில் வரும் ட போல ஆகிவிடும். "பிடர்" என்றுதான் கேட்கும். இரண்டும் ஒரே சொல்தான், குழம்ப வேண்டாம்.

நான்கு சொல்லை அடுத்தடுத்துச் சொல்லிப் பழகுங்கள்: பிட்டர், பெட்டர், பட்டர், பேட்டர். முதலாவது நம் சொல். இரண்டாவது "முன்னைவிடப் பரவாயில்லை". மூன்றாவது வெண்ணெய். நான்காவது பஜ்ஜிக்குக் கரைத்து வைக்கும் மாவு. காலை உணவு மேசையில் நான்குமே வரும். கண்ணாடி முன்னால் இரண்டு நாள் சொன்னால் போதும்.

இரண்டாம் படி: உள்ளே ஒரு கடி இருக்கிறது

பைட், பிட், பிட்டன் என்று பள்ளியில் மனப்பாடம் செய்தோமே, "கடி" என்ற வினைச்சொல், அதன் உறவுக்காரச் சொல்தான் பிட்டர். பழைய ஆங்கிலத்தில் இதற்குக் கடிப்பது, அறுப்பது போன்ற கூர்மையான ஒன்று என்ற பொருளும் இருந்தது. நாக்கைக் கடிக்கும் சுவை பிட்டர். தோலைக் கடிக்கும் குளிர் பிட்டர். மனசைக் கடித்துக்கொண்டே இருக்கும் பழைய வருத்தமும் பிட்டர்.

அதனால் "பிட்டர் = கசப்பு" என்று ஒரே சாவியை வைத்துக்கொண்டு எல்லாப் பூட்டையும் திறக்கப் பார்க்காதீர்கள். நான் இரண்டு சாவி வைத்திருக்கிறேன். ஒன்று கசப்பு. இன்னொன்று "கடும்". ஆங்கிலப் பேச்சில் பிட்டர் வந்ததும் முதலில் கசப்பைப் போட்டுப் பாருங்கள். திறக்கவில்லையா, "கடும்" போடுங்கள். கடுங்குளிர், கடும் பகை, கடும் போட்டி, கடும் ஏமாற்றம். இந்த நான்கு இடத்திலும் ஆங்கிலத்தில் பிட்டர் தாராளமாக வரும். கடி, கடு என்று இரண்டும் காதுக்குப் பக்கத்தில் இருப்பதால் நினைவில் நிற்கும். ஒன்றிலிருந்து ஒன்று பிறந்தது என்று நான் சொல்ல வரவில்லை, ஞாபகத்துக்கு ஒரு வசதி, அவ்வளவுதான்.

மூன்றாம் படி: டீ கசக்கிறது என்று ஒருவர் சொன்னால்

இங்கே கொஞ்சம் நிதானமாக நிற்க வேண்டும். நீலகிரியில் இந்தச் சொல் அதிகம் அடிபடும் இடம் டீக் கோப்பைதான்.

நமக்குச் சுவை ஆறு: இனிப்பு, புளிப்பு, கார்ப்பு, உவர்ப்பு, துவர்ப்பு, கைப்பு. கைப்புதான் கசப்பு. பாகற்காய், வேப்பம்பூ, சுண்டைக்காய் எல்லாம் அந்த வகை. வாழைப்பூவும் நெல்லிக்காயின் முதல் கடியும் துவர்ப்பு. இந்த இரண்டையும் நம் பாட்டிமார் குழப்பவே மாட்டார்கள். ஆங்கிலத்திலும் துவர்ப்புக்கு "அஸ்ட்ரிஞ்சென்ட்" என்று தனிச் சொல் உண்டு. ஆனால் சாதாரணப் பேச்சில் அதைப் பெரும்பாலும் யாரும் எடுப்பதில்லை. வாய் வறண்டு நாக்கு இழுத்துப் பிடித்தாலும் "பிட்டர்" என்றே சொல்லிவிடுகிறார்கள்.

டீயில் இரண்டும் உண்டு. கசப்பின் ஒரு பங்கு காஃபீனால் வருவது. துவர்ப்பு, இலையில் உள்ள பாலிஃபீனால்கள் எச்சிலில் இருக்கும் புரதத்தோடு ஒட்டிக்கொள்வதால் வருவது. அதனால்தான் வாய் வறண்ட மாதிரி ஆகிறது. பால் ஊற்றினால் பாலின் புரதம் அவற்றில் ஒரு பங்கைப் பிடித்துக்கொள்ளும், துவர்ப்பு அடங்கிவிடும். காலம்காலமாகப் பால் டீ குடிக்கும் நமக்குத் தெரியாத குறை, பால் இல்லாமல் குடிக்கும் விருந்தினருக்கு முதல் மடக்கிலேயே தெரிவது இதனால்தான்.

ஃபேக்டரி விற்பனை மேசையில் ஒருமுறை நடந்தது இது. புதிதாகச் சேர்ந்த பெண் ஓடி வந்து, "அண்ணா, அவங்க டீ கசக்குதுங்கிறாங்க. வேற பாக்கெட் உடைக்கட்டுமா?" என்று கேட்டாள். "முதல்ல எத்தனை நிமிஷம் தூளைப் போட்டு வச்சே?" என்றேன். அவள் பத்து நிமிடத்துக்கு மேல் விட்டுவிட்டு இன்னொரு குடும்பத்துக்கு பில் போட்டுக்கொண்டிருந்தாள். தூள்மேல் எந்தக் குற்றமும் இல்லை.

ஆகவே விருந்தினர் "த டீ இஸ் பிட்டர்" என்றால் செய்ய வேண்டியது இது. முதலில் "ஸாரி" என்று சொல்லுங்கள், வாதம் வேண்டாம். அப்புறம் "டூ ஸ்ட்ராங், ஆர் ட்ரை இன் த மௌத்?" என்று கேளுங்கள். ஸ்ட்ராங் என்றால் தூளைக் குறையுங்கள். வாய் வறள்கிறது என்றால் நேரத்தைக் குறையுங்கள். மூன்று நிமிடத்தில் வடிகட்டிவிடுங்கள், தூளைத் தண்ணீரோடு சேர்த்துக் கொதிக்க விடாதீர்கள். பழைய டிகாஷனைச் சூடு பண்ணிக் கொடுக்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். அந்தக் கசப்பை எந்தச் சர்க்கரையும் மறைக்காது.

குன்னூரில் தேயிலை ஏலம் 1963-லிருந்து நடக்கிறது. ஏலத்துக்கு முன்னால் டீ ருசிபார்ப்பவர்கள் வரிசையாகக் கோப்பைகளை வைத்து, உறிஞ்சித் துப்பிக்கொண்டே போவார்கள். அவர்கள் பேச்சில் நல்ல துவர்ப்புக்குப் பெயர் "பிரிஸ்க்". நாக்கைத் தட்டி எழுப்புகிற டீ என்று பொருள், அது பாராட்டு. "பிட்டர்" என்றால் குறை. அதனால் நீங்கள் டீயை விற்கும்போது தவறிப்போயும் "வெரி நைஸ் பிட்டர் டீ" என்று சொல்லாதீர்கள். "பிரிஸ்க்" என்றோ "ஸ்ட்ராங்" என்றோ சொல்லுங்கள்.

இன்னொரு குழி: கடுங்காப்பி. "கடும்" சாவி இங்கே ஏமாற்றும். கடுங்காப்பியை "பிட்டர் காபி" என்று எழுதி வைத்த ஒரு மெனு அட்டையை நானே பார்த்திருக்கிறேன். அது "பிளாக் காபி". கூடலூர்ப் பக்கம் கட்டன் என்பார்களே, அதுவும் அதுதான். காபி கசக்கும் என்பது உண்மை, ஆனால் அதைப் பெயராக வைத்தால் யார் வாங்குவார்கள்?

நான்காம் படி: மற்ற தின்பண்டங்கள்

பாகற்காய்க்கு நம் நாட்டு ஆங்கிலத்தில் பிட்டர் கார்ட். அமெரிக்கர்களுக்கு அது பிட்டர் மெலன். இரண்டையும் தெரிந்து வையுங்கள்.

ஊட்டியில் கையால் செய்யும் சாக்லேட் விற்கும் கடையில் வேலை என்றால் "பிட்டர்ஸ்வீட்" அடிக்கடி காதில் விழும். கசப்பும் இனிப்பும் கலந்த கறுப்புச் சாக்லேட். அமெரிக்க விதிப்படி அதில் கொக்கோ விழுது குறைந்தது 35 சதவீதம் இருக்க வேண்டும். செமிஸ்வீட் என்பதும் அதே விதிக்குள் வருவதுதான். சாக்லேட் கடையில் மட்டும் பிட்டர் ஒரு நல்ல சொல். "டூ யூ ஹேவ் சம்திங் மோர் பிட்டர்?" என்று ஒருவர் கேட்டால் அது புகார் இல்லை, இனிப்பு குறைந்ததைத் தேடுகிறார். கொக்கோ சதவீதம் அதிகமான பெட்டியை எடுத்துக் காட்டுங்கள். "பிட்டரர்" என்றும் ஒரு வடிவம் உண்டு. ஆனால் "மோர் பிட்டர்" என்பதுதான் அதிகம் புழங்குவது, சொல்லவும் எளிது.

ஹோட்டல் பாரில் இருப்பவர்களுக்கு இரண்டு வரி. பிரிட்டன்காரர் "எ பைன்ட் ஆஃப் பிட்டர்" என்றால் அது அவர் ஊர் பீரில் ஒரு வகை. நம்மிடம் இருக்காது, என்ன பீர் இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள். "பிட்டர்ஸ்" என்று கடைசியில் ஸ் சேர்ந்தால் அது மூலிகை ஊறிய, சொட்டுச் சொட்டாக விடும் சாறு. அதில் பேர்போன அங்கோஸ்டுராவை 1824-ல் வெனிசுலாவில் ஒரு ஜெர்மன் மருத்துவர் வயிற்றுக்கு மருந்தாகத்தான் தயாரித்தார். நம் நிலவேம்புக்கும் ஆங்கிலத்தில் "கிங் ஆஃப் பிட்டர்ஸ்" என்றுதான் பெயர். காய்ச்சல் காலத்தில் கசாயம் குடித்தவர்களுக்கு அந்தப் பட்டம் ஏன் என்று விளக்க வேண்டாம்.

இந்த மலைக்கும் கசப்புக்கும் இன்னொரு பழைய சம்பந்தம் உண்டு. சுற்றுலா வழிகாட்டியாக இருந்தால் இது உங்களுக்கு நல்ல சரக்கு. 1860-களில் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் ஆங்கில அரசு சிங்கோனா மரங்களை நட்டது. தென் அமெரிக்காவிலிருந்து விதையையும் கன்றையும் கொண்டுவரும் முயற்சிக்குப் பொறுப்பு கிளெமென்ட்ஸ் மார்க்கம். இங்கே வளர்த்துக் காட்டியவர் ஊட்டி தாவரவியல் பூங்காவை உருவாக்கிய வில்லியம் கிரகாம் மெக்ஐவர். அந்த மரத்தின் பட்டையிலிருந்து எடுப்பதுதான் கொய்னா, மலேரியாக் காய்ச்சலுக்கு மருந்து. நாக்கில் பட்டால் நாள் முழுக்கப் போகாத கசப்பு. இன்றும் டானிக் வாட்டர் கசப்பது அதனால்தான். நடுவட்டம் வழியாகக் கூடலூருக்கு வண்டி இறங்கும்போது இதைச் சொல்லிவிட்டு, "தட் இஸ் ரியல் பிட்டர்" என்று முடியுங்கள். சிரிக்காத விருந்தினரை நான் பார்த்ததில்லை.

ஐந்தாம் படி: குளிர்

ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர், குன்னூர் 1,850. டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை காந்தல், தலைகுந்தா பக்கம் காலையில் புல் எல்லாம் உறைபனியில் வெளுத்துக் கிடக்கும். தேயிலைக் கொழுந்து கருகும். அந்தக் குளிர்தான் பிட்டர் கோல்ட்.

இங்கே ஓர் ஏணி உண்டு. "கூல்" என்றால் குளுகுளு, சந்தோஷம். "சில்லி" என்றால் சால்வை எடுக்கலாம் (மிளகாய்க்கும் காதில் அதே ஒலிதான், இடம் பார்த்துப் புரிந்துகொள்ளுங்கள்). "கோல்ட்" என்றால் ஸ்வெட்டர். "ஃப்ரீஸிங்" என்றால் பல் கிட்டுகிறது. "பிட்டர்" என்றால் குளிர் ஸ்வெட்டரைத் தாண்டி உள்ளே வந்து கடிக்கிறது. காற்றையும் சேர்த்துச் சொல்வார்கள்: "பிட்டர் விண்ட்". தொட்டபெட்டா உச்சியில் 2,637 மீட்டரில் நிற்கும்போது வீசுவது அந்த வகை.

"பிட்டர்லி கோல்ட்" என்றும் வரும், பொருள் அதேதான். ஆனால் வெயிலுக்குப் பிட்டர் வராது. கடும் வெயிலை "பிட்டர் ஹாட்" என்று சொன்னால் சிரிப்பார்கள். கடும் மழையும் அப்படித்தான், அது "ஹெவி ரெயின்". குளிரும் காற்றும்தான் பிட்டருக்குச் சொந்தம்.

யார் சொல்கிறார் என்பதையும் பாருங்கள். சென்னைக்காரருக்குப் பன்னிரண்டு டிகிரியே பிட்டர். கனடாக்காரர் உறைபனியில் அரைக்கால் சட்டையோடு நடந்துவிட்டு வந்து "லவ்லி" என்பார். எவர் சொன்னாலும் பதில் ஒன்றே: "ஷல் ஐ கெட் யூ அனதர் பிளாங்கெட்?" விளம்பரப் பலகையில் மட்டும் இந்தச் சொல் வேண்டவே வேண்டாம். "என்ஜாய் ஊட்டிஸ் பிட்டர் கோல்ட்" என்று எழுதினால், உடம்பை வாட்டும் குளிரை வந்து அனுபவியுங்கள் என்று அழைத்த மாதிரி இருக்கும்.

ஆறாம் படி: மனசு

ஒருவரைப் பற்றி "ஹி இஸ் பிட்டர்" என்றால் அவர் மோசமானவர் என்று பொருள் இல்லை. கோபக்காரர் என்றும் இல்லை. தனக்கு அநியாயம் நடந்துவிட்டது என்ற எண்ணம் உள்ளே தங்கி, நாள்பட்டு, பேச்சில் அவ்வப்போது எட்டிப்பார்க்கும் நிலை அது. கோபம் கொதித்து அடங்கிவிடும். இது அடங்காமல் அடியில் தங்கிய டிகாஷன். நம் பேச்சு வழக்கில் "வெந்துபோயிருக்கார்" என்போம், சில இடத்தில் "வயித்தெரிச்சல்" என்போம்.

எதைப் பற்றி என்று சொல்ல "அபவுட்" சேரும். பச்சைத் தேயிலைக்கு விலை கிடைக்காத சிறு விவசாயி ஒருவர் நொந்து பேசுகிறார் என்றால், "ஹி இஸ் பிட்டர் அபவுட் த பிரைஸ்". யார்மேல் என்றால் "டுவர்ட்ஸ்".

"பிட்டர் எக்ஸ்பீரியன்ஸ்" நம் "கசப்பான அனுபவம்" அப்படியே. "பிட்டர்லி டிஸப்பாயிண்டட்" என்றால் கடும் ஏமாற்றம். முன்பதிவு செய்த அறை கிடைக்காத விருந்தினர் இதைச் சொன்னால் மேலாளரைக் கூப்பிடுங்கள், உங்களால் ஆகாது. அழுகைக்கும் வரும்: "வெப்ட் பிட்டர்லி". சர்ச்சுக்குப் போகிறவர்களுக்கு இது தெரிந்த இடம்தான், பேதுரு வெளியே போய் "மனங்கசந்து அழுதான்" என்று தமிழில் வாசிப்போமே, அங்கே ஆங்கிலத்தில் இருப்பது இதுதான்.

நிலத்தகராறு, தேர்தல், கோர்ட்டு வழக்கு என்று செய்தியில் வந்தால் "பிட்டர் டிஸ்ப்யூட்", "பிட்டர் ரைவல்ஸ்". இரண்டாவது சாவியைப் போடுங்கள், திறந்துவிடும்.

ஏழாம் படி: அப்படியே விழுங்க வேண்டிய தொடர்கள்

"எ பிட்டர் பில் டு ஸ்வாலோ" என்றால் ஏற்றுக்கொண்டே ஆக வேண்டிய, மனசு ஏற்காத ஒன்று. கொய்னா மாத்திரையை நினைத்துக்கொள்ளுங்கள். "டு த பிட்டர் எண்ட்" என்றால் எவ்வளவு கஷ்டமானாலும் கடைசி வரை. இதற்குக் கப்பல்காரர்கள் ஒரு கதை சொல்வார்கள்: நங்கூரக் கயிற்றைச் சுற்றும் கட்டைக்கு "பிட்" என்று பெயர், கயிறு முழுக்க ஓடி அந்தக் கட்டையோடு இருக்கும் முனை வரை வந்துவிட்டால் அது பிட்டர் எண்ட், அதற்கு மேல் விடக் கயிறு இல்லை. "பிட்டர்ஸ்வீட்" சாக்லேட்டுக்கு வெளியேயும் வரும். கடைசி நாள் பில் கட்டிவிட்டு, பொம்மை ரயிலுக்குக் கிளம்பும் விருந்தினர் "இட்ஸ் பிட்டர்ஸ்வீட்" என்றால், ஊருக்குப் போகிற சந்தோஷமும் இங்கிருந்து போகிற வருத்தமும் சேர்ந்து இருக்கிறது என்கிறார். சாக்லேட் கேட்கிறார் என்று பெட்டியைத் தூக்கி வராதீர்கள்.

எட்டாம் படி: நம் கசப்பு எல்லாம் பிட்டர் ஆகாது

இது திரும்பும் வழி, இதில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். "டிப்ஸ் கொடுத்தா கசக்குமா?" என்பதை ஆங்கிலத்தில் பிட்டர் வைத்துச் சொல்ல முடியாது, முயலவும் வேண்டாம். "அவனுக்கு என்னைக் கண்டாலே கசக்கும்" என்பதை "ஐ ஆம் பிட்டர் டு ஹிம்" என்று மாற்றினால் வெந்துபோன ஆள் நீங்கள் என்று பொருள் தலைகீழாகிவிடும். "ஹி கான்ட் ஸ்டேண்ட் மீ" என்று சொல்லிவிட்டுப் போங்கள். பழகப் பழகப் பாலும் புளிக்கும் என்று நாம் புளிப்பில் சொல்வதற்கும் பிட்டர் உதவாது. வேலை அலுத்துப்போனால் "ஐ ஆம் போர்ட்". "ஐ ஆம் பிட்டர்" என்று மேலாளரிடம் சொன்னால், உனக்கு யார் என்ன அநியாயம் செய்தார்கள் என்று விசாரிக்கத் தொடங்கிவிடுவார்.

பழகும் முறை ஒன்றே ஒன்று சொல்கிறேன். ஒரு வாரம், சட்டைப் பையில் ஒரு துண்டுச் சீட்டு. யார் பிட்டர் என்று சொன்னாலும் குளிரா, டீயா, சாக்லேட்டா, மனசா என்று ஒரு கோடு போடுங்கள். ஜனவரியில் எனக்குக் குளிர்ப் பக்கம்தான் நிரம்பியது. மே மாதம் டீ.

போன குளிரில் எங்கள் மேசைக்குப் புதிதாக வந்த பெண்ணிடம், காலையில் ஓர் அம்மையார் வந்து "சோ பிட்டர்!" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார். கையில் டீக் கோப்பை, தலையில் கம்பளித் தொப்பி. எது என்று எனக்கே பிடிபடவில்லை. அவள் ஒரு நொடி யோசித்துவிட்டுக் கேட்டாள்: "த டீ ஆர் த நைட், மேடம்?"

"போத்" என்றார் அந்த அம்மையார்.